மீனுக்கு மருந்து தேடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

எங்கள் ஊர் மடவார் வளாகம். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, ராஜபாளையம் போகிற பக்கம். இங்கே கோயில் கொண்டிருக்கும் சாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். தீராத வயிற்று வலியோடு வந்த திருமலை நாயக்கருக்கு இங்கே வந்து குணமானது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சாமியே வைத்தியராக இருக்கிற ஊரில் பிறந்தவன் நான். பதினைந்து வருடமாக உரக்கடைப் பக்கம் போகாமல் நெல்லும் தென்னையும் வைத்துப் பிழைக்கிறவன். பயிருக்கு என்ன நோய், என்ன குறை என்று நாலு பேருக்குச் சொல்லுகிற அளவுக்கு அனுபவம் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை என் மகளின் மீன் தொட்டி உடைத்துப் போட்டது.

மண்ணையும் மாட்டையும் பற்றிப் பேசுகிற இந்தப் பத்திரிகையில் கண்ணாடித் தொட்டி மீனைப் பற்றி எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை படியுங்கள். அந்த இரண்டு அடித் தொட்டியில் நான் செய்த தப்பைத்தான் நம்மில் பலர் இரண்டு ஏக்கரில் செய்துகொண்டிருக்கிறோம்.

நடந்தது இதுதான்

மகள் எட்டாம் வகுப்பு. பிறந்த நாளுக்கு ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். மணல், கல் போக ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஆறு கெளுத்தி இன மீன்கள். நம்ம கண்மாய்க் கெளுத்தி இல்லை; தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்ன வகை. கடையில் 'கோரி' என்பார்கள். கட்டை விரல் அளவுதான் வளரும். வாயோரம் சின்ன மீசை. மணலைக் கிளறிக்கொண்டு கூட்டமாகத் தரையோடு திரியும். ஏழு எட்டு மாதம் நன்றாக இருந்தன.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று நான்தான் இறங்கினேன். வடிகட்டிப் பஞ்சை எடுத்து நகராட்சிக் குழாயில் பிடித்துப் பால் போல வெள்ளையாகும் வரை பிழிந்தேன். மணலையும் அலசினேன். தொட்டி பளபளவென்று ஆனது. நமக்கும் ஒரு திருப்தி.

செவ்வாய்க்கிழமை மகள் வந்தாள். "அப்பா, கோரி எல்லாம் மேலயே வந்து வந்து வாயப் பொளக்குதுப்பா." போய்ப் பார்த்தேன். தரையில் திரிகிற மீன்கள் கண்ணாடியோரம் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் மீசை சிவந்திருந்தது. புதன்கிழமை ஒரு மீன் கடைக்குப் போய் விவரம் சொன்னேன். கடைக்காரர் மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "இத ஊத்துங்க அண்ணாச்சி, சரியாப் போகும்" என்று ஒரு நீல மருந்தும், கேப்சூலைப் பிரித்துக் கொட்டச் சொல்லி நாலு கேப்சூலும் கொடுத்தார். அது மனிதர்களுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் என்பது உறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம். பதினைந்து வருடம் ரசாயனத்தை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குள் இதைக் கொட்டுவதா? ஆனால் மகள் அழுகிறாள். இரண்டையும் ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் கலங்கி, மீன்கள் இன்னும் மோசம். அப்போதுதான் என் 'இயற்கை மூளை' வேலை செய்தது. பயிருக்குச் சத்தும் எதிர்ப்பு சக்தியும் கொடுக்கிற பஞ்சகவ்யம் மீனுக்குக் கொடுக்காதா? வியாழக்கிழமை இரவு அரை டம்ளர் பஞ்சகவ்யத்தைத் தொட்டியில் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று மீன் செத்துக் கிடந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் கண்மாயில் ஊத்தா போட்டு மீன் பிடித்தவர். மகள் அழுவதைக் கேட்டு வந்தார். தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "ஏம்ப்பா, மீனுக்கு என்ன சீக்குன்னு இத்தன பேர்ட்ட கேட்டியே, தண்ணிக்கு என்ன சீக்குன்னு யார்ட்டயாவது கேட்டியா?" என்றார். நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து வைக்கச் சொல்லி, பாதித் தண்ணீரை மாற்ற வைத்தார். மீதி மூன்றும் பிழைத்தன.

அதற்குப் பிறகுதான் படித்தேன், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

தொட்டிக்குள்ளும் ஒரு மண் இருக்கிறது

மீன் திங்கிறது, கழிக்கிறது. அந்தக் கழிவிலிருந்தும், மிஞ்சிய தீனியிலிருந்தும், மீனின் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். செவுளைப் பொசுக்கும், மீசையைச் சிவக்க வைக்கும். அந்த அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தத்தைப் பழுப்பாக்கி, உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவுக்கு மீனைத் தொந்தரவு செய்யாது. செடிக்கு அது சாப்பாடு.

இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. இது நம்ம வயலில் நடக்கிற அதே தழைச்சத்துச் சுழற்சி! தொழு உரம் போட்டால் பயிருக்கு நைட்ரேட்டாகக் கிடைப்பது இந்த உயிர்களின் வேலையால்தானே? தொட்டியில் இந்த உயிர்கள் குடியிருக்கும் இடம் முக்கியமாக வடிகட்டிப் பஞ்சும் மணலும். புதுத் தொட்டியில் இவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டியில் முதல் மாதம் மீன் சாவது அதிகம்.

நான் என்ன செய்தேன்? அந்தப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து அந்த உயிர்களைக் கொன்றேன். வரப்பைச் சுரண்டி, வயலைப் பொட்டலாக்கி, களைக்கொல்லி அடித்துச் 'சுத்தம்' என்று சொல்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நான், அதையே செய்தேன். அம்மோனியா ஏறியது. மீன் திணறியது. மிஞ்சியிருந்த உயிர்களை ஆன்டிபயாட்டிக் கொன்றது. அம்மோனியா இன்னும் ஏறியது. அதற்கு மேல் பஞ்சகவ்யம்: சாணி, கோமியம், பால், தயிர், நெய், வெல்லம், பழம். வயலில் அமுதம். ஐம்பது லிட்டர் மூடிய தண்ணீரில் அதைச் சிதைக்க வந்த உயிர்கள் மிச்சமிருந்த உயிர்வாயுவையும் ஒரே ராத்திரியில் குடித்துவிட்டன.

மீன்களுக்கு நோயே இல்லை. நோய் தண்ணீரில் இருந்தது. அதைக் கொண்டுவந்ததும் நான்தான்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

கெளுத்தி இனத்துக்குச் செதில் கிடையாது. தோல் வெறுமையாக இருக்கும். கோரி போன்ற சில வகைகளுக்கு எலும்புத் தகடு உண்டு. தரையோடு வாழ்வதால் அழுக்கு முதலில் தாக்குவதும் இவற்றைத்தான். வரிசையாக இப்படிப் பாருங்கள்.

முதலில் தண்ணீர். மோந்து பாருங்கள். நல்ல தொட்டித் தண்ணீரில் மழை பெய்த மண்ணின் வாசம் இருக்கும். அழுகல் வாடையோ மூத்திர வாடையோ வந்தால் கோளாறு. ஆனால் மூக்கை மட்டும் நம்பக்கூடாது. மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா நம் மூக்குக்குத் தெரியாமலும் இருக்கும். மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட், கார அமிலத் தன்மை பார்க்கிற சோதனைப் பெட்டி கிடைக்கிறது. மண் பரிசோதனைக்குச் செலவழிக்கிற நாம் இதற்கும் செலவழிக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

கார அமிலத் தன்மையை ஏன் பார்க்க வேண்டும்? ஒரே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி விஷமாகாது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். நம்ம வறண்ட பகுதியில் போர் தண்ணீர் பல இடத்தில் காரமாகத்தான் இருக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை. ஆகவே நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. கோரி வகை அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். குடல் வழியாகவும் அது சுவாசிக்கும். நம்ம தேளி மீனும் காற்றைச் சுவாசிக்கிற சாதிதான். எப்போதாவது வந்தால் பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தால், செவுள் படபடவென்று அடித்தால், தண்ணீரில் உயிர்வாயு இல்லை, அல்லது அம்மோனியாவோ நைட்ரைட்டோ செவுளைத் தாக்கியிருக்கிறது. எல்லா மீனும் ஒரே நேரத்தில் திணறினால் அநேகமாகத் தண்ணீர்க் கோளாறு. ஒன்று மட்டும் ஒதுங்கி, மற்றவை நன்றாக இருந்தால் அந்த மீனுக்கு நோய் என்று யோசிக்கலாம்.

மூன்றாவது, மீசை. மீசை கரைந்து குட்டையாகிக்கொண்டே வந்தால் அடி மணல் அழுகியிருக்கிறது. கூரான கல்லும் காயப்படுத்தும். மருந்து மீசையை வளர்க்காது. அடியைச் சுத்தமாக வைத்தால், வேர் மிச்சமிருந்தால், மீசை திரும்ப வளரும்.

நான்காவது, வயிறு. இந்த மீன்களை 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்கிறார்கள். அழுக்கைத் தின்னும், தனியாகத் தீனி வேண்டாம் என்பார்கள். பொய். மலத்தைத் தின்று எந்த மீனும் வாழாது. பகலில் போடுகிற தீனியை மேல் மீன்கள் முடித்துவிடும். இருட்டில் மேய்கிற கெளுத்தி பட்டினி கிடக்கும். வயிறு உள்ளே ஒட்டியிருந்தால் முதலில் பட்டினியைச் சந்தேகப்படுங்கள். விளக்கை அணைத்த பிறகு, மூழ்குகிற தீனியைக் கொஞ்சமாகப் போடுங்கள். நன்றாகத் தின்றும் மெலிந்தால் குடல் புழுவாக இருக்கலாம்.

ஐந்தாவது, தோல். இங்கேதான் பலரும் தப்புகிறோம். ரவை தூவியது போலத் தனித்தனி வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வெண்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணி. பஞ்சு ஒட்டியது போல, அல்லது முதுகில் சேணம் வைத்தது போலச் சாம்பல் வெள்ளைப் படலம் இருந்தால் பெரும்பாலும் அது பாக்டீரியா நோய். இரண்டையும் 'வெள்ளை விழுந்திருச்சு' என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வைத்தியம் நேர் எதிர். வெண்புள்ளிக்கு வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி முடியும். படல நோய்க்கு வெப்பத்தைக் கூட்டினால் அது பரவி இரண்டே நாளில் மீனை முடித்துவிடும். இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறையா, இரும்புச் சத்துக் குறையா, வேர் அழுகலா என்று பார்க்காமல் மருந்து சொல்ல முடியுமா? அது போலத்தான்.

துடுப்பின் அடியில், வயிற்றில் ரத்தச் சிவப்பு, புண், வயிறு ஊதிச் செதில் தூக்குவது போன்றவை உள்ளுக்குள் நோய் முற்றிய அடையாளம். 1988 வாக்கில் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்த புண் நோய் விராலையும் கெளுத்தியையும் குளம் குளமாக அழித்தது நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மழைக்குப் பிறகு தண்ணீர் குளிர்ந்து, அதன் தன்மை மாறும் காலத்தில்தான் அது வந்தது. அதற்கும் குளத்துக்குச் சுண்ணாம்பு போட்டுத் தண்ணீரைச் சரிசெய்வதுதான் முதல் வேலையாகச் சொன்னார்கள்.

முதல் உதவி

மீன் திணறுகிறது, காரணம் தெரியவில்லை. என்ன செய்வது?

தீனியை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினியில் நல்ல மீன் சாகாது. காற்றுக் குழாயைக் கூட்டி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், தேவைப்பட்டால் தினமும். அம்மோனியா ஏறிய அவசரத்தில் பாதி வரை மாற்றலாம். குழாய்த் தண்ணீர் என்றால் முந்தின நாளே வாளியில் பிடித்துக் காற்றுக் குழாய் ஓட்டி வைத்தால் குளோரின் போய்விடும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் உயிர்வாயுவும் இருக்காது. அதையும் ஒரு ராத்திரி காற்றாட விட வேண்டும். வெப்பம் தொட்டித் தண்ணீரோடு ஒத்திருக்க வேண்டும்.

மாதக் கணக்கில் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டி என்றால் ஒரேயடியாகப் பாதியை மாற்றாதீர்கள். அதில் தண்ணீர் புளித்திருக்கும். காரமான புதுத் தண்ணீர் திடீரென்று சேர்ந்தால் அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாக மாறும். பத்தில் ஒரு பங்காகத் தினம் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

நைட்ரைட் ஏறியிருந்தால் கல் உப்பு உதவும். லிட்டருக்கு அரை கிராம் போதும்; ஐம்பது லிட்டருக்கு 25 கிராம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். கோரி போன்ற மீன்களுக்கு உப்பு அதிகம் ஆகாது. அளந்து, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

மருந்தே வேண்டாமா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. வெண்புள்ளி என்று உறுதியாகத் தெரிந்தால் மருந்து உண்டு. ஆனால் செதில் இல்லாத மீனுக்கு மாலகைட் கிரீன், ஃபார்மலின், தாமிரம் கலந்த மருந்துகள் கடுமை. புட்டியில் போட்டிருக்கிற அளவு செதில் மீனுக்கு. செதில் இல்லா மீனுக்குப் பாதி அளவில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். அதையும் நோயாளியைத் தனி வாளிக்கு மாற்றி, வைத்தியம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து தொடாது. அது வெளியே நீந்துகிற சின்ன இடைவெளியில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் ஒரு வாரமாவது கூடுதலாகத் தொடர வேண்டும். தொட்டி முழுக்க நோய் வந்திருந்தால் மீனை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

மீனைப் பிடிக்கும்போது வலை வேண்டாம். கெளுத்தியின் முள் விறைத்துக்கொண்டு வலையில் மாட்டும். எடுக்கும் அவசரத்தில் மீனுக்கும் காயம், கைக்கும் காயம். ஒரு டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். புது மீன் வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள். புது மாடு வாங்கினால் தொழுவத்தில் உடனே கட்டுவோமா? இதுவும் அப்படித்தான்.

இயற்கை என்றால் எதையும் ஊற்றலாமா?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கசக்கும்.

என் மூன்று மீன்கள் செத்ததற்குக் கடைக்காரர் கொடுத்த கேப்சூல் ஒரு காரணம். அவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவர் நோயைப் பார்க்காமல் ரசாயனத்தைக் கொடுத்தார். நான் நோயைப் பார்க்காமல் பஞ்சகவ்யத்தை ஊற்றினேன். புட்டி மாறியது, புத்தி மாறவில்லை.

நம்ம இயக்கத்தில் இது பெருகிக்கொண்டே வருகிறது. பயிர் வாடியிருக்கிறதா? மீன் அமிலம். பூச்சியா? ஐந்திலைக் கரைசல். மாடு தின்னவில்லையா? ஒரு கஷாயம். என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிடுகிறது. பயிரைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறார்கள். பார்த்த அடுத்த நொடியில் பத்துக் கரைசலின் பெயர் வருகிறது. வடிகால் இருக்கிறதா, கடைசியாக எப்போது தண்ணீர் கட்டினீர்கள், வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை.

'இயற்கையானது, எப்படியும் கெடுதல் செய்யாது' என்பது நம்மை ஏமாற்றும் நம்பிக்கை. இலுப்பைப் புண்ணாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க இயற்கை. நம்ம பாட்டிமார் தலைக்குத் தேய்த்த அரப்பு போலத்தான் அதுவும். ஆனால் அதில் உள்ள சப்போனின் மீனின் ரத்த அணுக்களை உடைக்கும். அதனால்தான் மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுவதற்கு முன்னால், குளத்தில் இருக்கிற வேண்டாத மீன்களைக் கொல்ல ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கைப் போடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் விஷம் அடங்கி அதுவே குளத்துக்கு உரமாகிவிடும். அதாவது ஒரே பொருள் ஒரு வாரம் விஷம், மறு வாரம் உரம். வேப்பங்கொட்டைக் கரைசலும் அளவு மீறினால் மீனுக்கு ஆபத்துதான். புகையிலைக் கரைசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொருள் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்த அளவில், எதற்காக என்பதுதான் அதை மருந்தாகவோ விஷமாகவோ ஆக்குகிறது.

திருவள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அதில் அவர் எந்த மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. அளவோடு உண்பதைப் பற்றிப் பேசுகிறார். நோய் என்ன, அது எதனால் வந்தது என்று தேடுவதை வைத்தியத்துக்கு முன்னால் வைக்கிறார். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

இயற்கை வேளாண்மை என்பது ரசாயனக் கடையை மூடிவிட்டு அதே இடத்தில் கரைசல் கடை திறப்பது இல்லை. நோய் வராத மண்ணை, நோய் வராத தண்ணீரை உண்டாக்குவதுதான் அது. அதற்கு முதலில் பார்க்கத் தெரிய வேண்டும். பார்த்துவிட்டுச் சில நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கவும் தெரிய வேண்டும். என் தொட்டிக்கு அன்று தேவைப்பட்டது இரண்டு வாளி நல்ல தண்ணீர். அதற்குப் புட்டியும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் கலந்த தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டுகிறோம்? சாக்கடையில். அது ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. அரைகுறை அளவு மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமிகள் பிழைத்து, அதற்கு அடங்காதவையாக மாறுகின்றன. கோழித் தீவனத்திலும் மீன் பண்ணையிலும் கொட்டப்பட்ட கோலிஸ்டின் என்ற மருந்தை, மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் தேவைப்படும் மருந்து என்பதால், 2019இல் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் மீன்களுக்கும் தடை செய்ய வேண்டி வந்தது. பெரிய பண்ணைகளை நாம் கேள்வி கேட்கிறோம், சரி. வீட்டுத் தொட்டியில் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவதும் அதே பாவத்தில் ஒரு சொட்டுதான்.

மருந்து கலக்காத தொட்டித் தண்ணீரோ தங்கம். நைட்ரேட் நிறைந்தது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் இப்போது வாரா வாரம் அதுதான் போகிறது. உப்புப் போட்டிருந்தால் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.

அதே போல, தொட்டி வேண்டாம் என்று ஆனதும் மீனைக் கொண்டுபோய்க் கண்மாயில் விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நம்ம அயிரைக்கும் கெளுத்திக்கும் குரவைக்கும் செய்கிற துரோகம். உடம்பெல்லாம் முள்ளும் தகடுமாக இருக்கிற 'டேங்க் கிளீனர்' மீன் கையளவில் வாங்கும்போது அழகு. ஓர் அடிக்கு மேல் வளரும். குளத்தில் விட்டால் கரையில் வளை தோண்டி முட்டையிடும். மீனவர் வலையைக் கிழிக்கும். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்து மீன் பண்ணைகளை அது படுத்துகிற பாடு தெரிந்த கதை. கரையைக் காப்பாற்றத்தான் நம் முன்னோர் பனை வைத்தார்கள். நாம் அதில் வளை தோண்டுகிற மீனை விடலாமா? ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்தது. கண்டதையும் தின்று நாட்டு மீன்களை அழித்துவிடும் என்பதுதான் காரணம். அப்படியும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். பண்ணைக் குட்டையில் மீன் விட நினைக்கிற நம் உழவர்கள் குஞ்சு வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக

"அஞ்சு பத்து ரூபா மீனுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்று என் மச்சான் கேட்டார். மீனின் விலையைப் பற்றி நான் பேசவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் உயிர் திணறும்போது அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்தாள். முதலில் ஒரு புட்டியை ஊற்றினார், அது சரிவரவில்லை, இன்னொரு புட்டியை ஊற்றினார். நாளைக்கு நிலம் அவள் கைக்குப் போகும்போது அவளும் அதைத்தானே செய்வாள்?

இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு தொங்குகிறது. வாரம் ஒரு முறை தண்ணீரைச் சோதித்து அதில் எழுதுவது அவள் வேலை. எத்தனை லிட்டர் மாற்றினோம், மீன் தின்றதா, மீசை எப்படி இருக்கிறது, எல்லாம் எழுதுகிறாள். வடிகட்டிப் பஞ்சை மாற்றியெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுகிறாள். "ரொம்பப் பிழியாதப்பா, அதுல உசுரு இருக்கு" என்று எனக்கே சொல்கிறாள். மூன்று கோரியும் நன்றாக இருக்கின்றன. கரைந்த மீசை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு நானும் வயலுக்கு ஒன்று போட்டிருக்கிறேன். இந்தப் போகத்தில் எதை ஊற்றினாலும் ஏன் ஊற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பது எனக்கு நானே வைத்த கட்டளை. காரணம் எழுத முடியாத நாலு கரைசலை இதுவரை ஊற்றாமல் விட்டிருக்கிறேன். பயிர் நன்றாகத்தான் நிற்கிறது.

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருந்தால் இன்றைக்கு ஒரு தடவை தண்ணீரை மோந்து பாருங்கள். இல்லாவிட்டால் வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பாருங்கள். மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.